புதிய விண்டோஸில் பழைய விளையாட்டுகளை நிறுவுதல்: எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. அதையொட்டி விண்டோஸ் 11-க்கு மாறியவர்களில் பலர், பிரவுசரும் பிரின்டரும் அலுவலக மென்பொருள்களும் ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்து நிம்மதியடைந்த பிறகு, பல வருடங்களாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த விளையாட்டு சிடி ஒன்றைப் போடும்போதுதான் முதல் தடங்கலைச் சந்திக்கிறார்கள். ஒன்று, சிடியிலுள்ள செட்டப் திறக்கவே மறுக்கிறது. இல்லையென்றால் நிறுவல் முழுதாக முடிந்தும் விளையாட்டு தொடங்குவதில்லை. இணையத்தில் தேடினால், கம்பாட்டிபிலிட்டி மோடை (பழைய விண்டோஸைப் போல நடிக்க வைக்கும் அமைப்பை) மாற்றுங்கள், அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்குங்கள், ஆன்டிவைரஸை நிறுத்துங்கள் என்று மூன்று யோசனைகள் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. முதல் இரண்டும் சில இடங்களில் பலிக்கும். மூன்றாவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பழைய விளையாட்டை நிறுவுவது ஒரே காரியமாகத் தெரிந்தாலும் உள்ளே நான்கு காரியங்கள் நடக்கின்றன. செட்டப் நிரல் இயங்க வேண்டும். விளையாட்டு தன் கோப்புகளை எழுத அனுமதியுள்ள இடத்தில் அமர வேண்டும். அது நம்பியிருக்கும் துணைக் கோப்புகள் கணினியில் இருக்க வேண்டும். சிடி அசல்தானா என்று சோதிக்கும் பூட்டு திறக்க வேண்டும். செட்டப் என்பது வேறு நிரல், விளையாட்டு என்பது வேறு நிரல், பூட்டு என்பது பெரும்பாலும் மூன்றாவது ஒரு நிறுவனம் எழுதியது. எது நின்றுபோனது என்று தெரியாமல் மருந்து தேடுவதால்தான் பலரும் ஒரு மாலைப் பொழுதை வீணாக்குகிறார்கள். ஆகவே கீழேயுள்ள வரிசையிலேயே பாருங்கள்; உங்கள் விளையாட்டு நிற்கும் இடம் வந்தவுடன் அங்கே நின்று வேலையைத் தொடங்குங்கள்.

சேமித்த ஆட்டங்களை முதலில் எடுத்து வையுங்கள்

பழைய கணினியில் பாதியில் விட்ட ஆட்டம் உங்களுக்கு முக்கியம் என்றால், எதையும் அழித்து மறுபடி நிறுவுவதற்கு முன் அதைத் தேடி எடுங்கள். விண்டோஸ் 10-இலிருந்து நேரடியாக மேம்படுத்தியவர்களுக்கு, பழைய இயங்குதளத்தின் கோப்புகள் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறையில் பத்து நாட்கள் இருக்கும். அதன்பின் விண்டோஸ் தானாகவே அதை நீக்கிவிடும். 32-பிட் விண்டோஸ் (ப்ராசசர் ஒரு நேரத்தில் கையாளும் தரவின் அளவைக் குறிக்கும் எண் இது; 16 மிகப் பழையது, 64 இன்றையது) வைத்திருந்தவர்களுக்கு நேரடி மேம்படுத்தல் என்பதே கிடையாது, ஏனெனில் விண்டோஸ் 11 64-பிட் வடிவத்தில் மட்டுமே வருகிறது. அவர்கள் புதிதாகத்தான் நிறுவியாக வேண்டும் என்பதால் முன்கூட்டியே நகலெடுப்பது கட்டாயம்.

சேமிப்புகள் இருக்கும் இடம் விளையாட்டின் வயதைப் பொறுத்து மாறும். 2005-க்குப் பிறகு வந்தவை பெரும்பாலும் ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறைக்குள் ‘மை கேம்ஸ்’ என்ற பெயரிலோ, பயனர் கோப்புறையில் மறைந்திருக்கும் ‘ஆப்டேட்டா’விலோ எழுதும். அதற்கு முந்தியவை, விளையாட்டு நிறுவப்பட்ட கோப்புறையிலேயே எழுதும். அங்கே தேடியும் கிடைக்கவில்லை என்றால், ‘ஆப்டேட்டா’வுக்குள் ‘லோக்கல்’, அதற்குள் ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ என்ற கோப்புறையைத் திறந்து பாருங்கள். இப்படியொரு இடம் இருப்பதே பலருக்குத் தெரியாது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து, ‘ப்ரோக்ராம் ஃபைல்ஸ்’ கோப்புறையில் எழுத முயலும் பழைய நிரல்களின் கோப்புகளை விண்டோஸ் சத்தமில்லாமல் இங்கே திருப்பி விடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். புதிய விண்டோஸை அமைக்கும்போது ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறை, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் நகர்ந்திருக்கக்கூடும். அப்படி நகர்ந்திருந்தால், பழைய இடத்திலேயே தேடும் விளையாட்டுகள் உங்கள் சேமிப்பைக் காணவில்லை என்று சொல்லும்.

செட்டப்பே திறக்கவில்லை என்றால்

செட்டப்பை இருமுறை சொடுக்கியதும், ‘இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது’ என்ற பொருளிலோ, ‘16-பிட் நிரலுக்கு ஆதரவில்லை’ என்ற பொருளிலோ ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தால், கோளாறு விளையாட்டில் இல்லை, செட்டப்பில்தான் இருக்கிறது. 1990-களின் நடுவிலிருந்து அந்தப் பத்தாண்டின் இறுதி வரை வந்த சிடிக்களில் இது மிகச் சாதாரணம். விண்டோஸ் 95-இல் விளையாட்டு 32-பிட்டாக எழுதப்பட்டிருந்தாலும், அந்தக் காலத்தில் பலரிடம் விண்டோஸ் 3.1 இருந்ததால், செட்டப்பை மட்டும் 16-பிட்டாகவே விட்டுவைத்தார்கள். 64-பிட் விண்டோஸில் 16-பிட் நிரல்களை இயக்கும் அடுக்கை மைக்ரோசாஃப்ட் சேர்க்கவே இல்லை. விண்டோஸ் 10-இன் 32-பிட் பதிப்பில் அது விருப்ப அம்சமாக இருந்தது. அதனால்தான் ‘விண்டோஸ் 10-இல் ஓடியதே’ என்று சிலர் சொல்வதும், ‘எனக்கு அங்கேயும் ஓடவில்லை’ என்று வேறு சிலர் சொல்வதும் இரண்டுமே உண்மையாக இருக்கின்றன.

இந்த இடத்தில் கம்பாட்டிபிலிட்டி மோட் உதவாது. அது செய்வதெல்லாம், ‘இது விண்டோஸ் 98’ என்றோ ‘விண்டோஸ் எக்ஸ்பி’ என்றோ நிரலிடம் ஒரு பொய்யைச் சொல்லி, சில பழைய நடத்தைகளைப் போலியாகக் காட்டுவதுதான். இல்லாத 16-பிட் அடுக்கை அது கொண்டுவந்து தராது.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் சிடி முழுவதையும், மறைந்திருக்கும் கோப்புகளையும் சேர்த்து, வன்தட்டில் ஒரு கோப்புறைக்குள் நகலெடுங்கள். பிறகு அந்தக் கோப்புறையை நிதானமாகப் பாருங்கள். ‘_இன்ஸ்ட்32ஐ’ என்று தொடங்கும் கோப்பு ஒன்று தென்பட்டால், செட்டப்பைத் தயாரித்தது இன்ஸ்டால்ஷீல்டு என்ற கருவி. உள்ளேயுள்ள உண்மையான நிறுவி 32-பிட்தான், வெளியே வாசற்கதவாக நிற்கும் சிறிய நிரல் மட்டுமே 16-பிட். இன்ஸ்டால்ஷீல்டின் 5-ஆம் பதிப்பாக இருந்தால் 64-பிட் விண்டோஸே அதை அடையாளம் கண்டு, தன்னிடமுள்ள 32-பிட் மாற்றை அதன் இடத்தில் இயக்கிவிடும். மைக்ரோசாஃப்டின் சொந்த ஆக்மி செட்டப்பின் சில பதிப்புகளுக்கும் இந்தச் சலுகை உண்டு. இன்ஸ்டால்ஷீல்டின் முந்திய 3-ஆம் பதிப்புக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்கென்று பழைய விளையாட்டு ஆர்வலர்களிடையே புழங்கும் 32-பிட் செட்டப் நிரலை, நகலெடுத்த கோப்புறையில் பழைய செட்டப்பின் இடத்தில் வைத்து இயக்கினால் பெரும்பாலும் நிறுவல் வழக்கம்போல் நடந்துவிடும்.

அதுவும் பலிக்காவிட்டால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, வைன்விடிஎம் என்ற திறமூலக் கருவி. லினக்ஸில் விண்டோஸ் நிரல்களை இயக்கும் வைன் திட்டத்தின் நிரல்வரிகளைக் கொண்டு, 64-பிட் விண்டோஸுக்குள் 16-பிட் நிரல்களை இது ஓட்டுகிறது. மற்றொன்று, செட்டப்பையே ஒதுக்கிவிடுவது. அந்தக் காலத்து சிடிக்கள் சிலவற்றில் விளையாட்டின் கோப்புகள் சுருக்கப்படாமல் அப்படியே இருக்கும். அவற்றை நகலெடுத்து, விளையாட்டின் இஎக்ஸ்இ கோப்பை நேரடியாகச் சொடுக்கினாலே சில விளையாட்டுகள் ஓடிவிடும். ‘விளையாட்டு நிறுவப்படவில்லை’ என்று அது முறையிட்டால், தான் எங்கே இருக்கிறோம் என்பதை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டில்) தேடி ஏமாந்திருக்கிறது என்று பொருள். அந்தக் குறிப்பை நீங்களே எழுத வேண்டிவந்தால், 32-பிட் நிரல்களின் குறிப்புகள் 64-பிட் விண்டோஸில் ‘வவ்6432நோட்’ என்ற கிளைக்கு அடியில் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

சிடியை நகலெடுப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. அக்கால விளையாட்டுகள் பலவற்றில் பின்னணி இசை, பாட்டு சிடியில் இருப்பதைப் போலத் தனி ஆடியோ டிராக்குகளாகப் பதியப்பட்டிருக்கும். கோப்புறையாக நகலெடுத்தால் அந்த இசை வராது. ஐஎஸ்ஓ பிம்பமாக (சிடியை ஒரே கோப்பாக மாற்றிய நகலாக) எடுத்தாலும் வராது, ஏனெனில் அதில் தரவு டிராக் மட்டுமே அடங்கும். ‘பின்’, ‘கியூ’ என்ற இரட்டைக் கோப்பாக எடுத்தால்தான் எல்லாம் வரும். விண்டோஸ் தானாகத் திறப்பது ஐஎஸ்ஓ பிம்பத்தை மட்டுமே என்பதால், இரட்டைக் கோப்புக்குத் தனியாக ஒரு மெய்நிகர் சிடி டிரைவ் மென்பொருள் தேவைப்படும்.

எந்த இடத்தில் நிறுவுவது

செட்டப் தானாகக் காட்டும் ‘ப்ரோக்ராம் ஃபைல்ஸ்’ கோப்புறையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். சி டிரைவின் வேரில் ‘கேம்ஸ்’ என்று ஒரு கோப்புறையை உருவாக்கி அங்கே நிறுவுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதியின்றி விளையாட்டால் தன் அமைப்புகளையும் சேமிப்புகளையும் அங்கே எழுத முடியும். மேலே சொன்ன ‘விர்ச்சுவல்ஸ்டோர்’ குழப்பமும் எழாது. பாதையில் தமிழ் எழுத்துகளோ இடைவெளிகளோ இல்லாமல் பார்த்துக்கொள்வதும் நல்லது.

‘போதிய இடமில்லை’ என்று செட்டப் சொன்னால் சிரித்துக்கொள்ளலாம். இடம் மிக அதிகமாக இருப்பதுதான் அங்கே பிரச்சினை: காலியிடத்தின் அளவு அந்தச் செட்டப் எண்ணத் தெரிந்த எண்ணைத் தாண்டிவிடுவதால், அது எதிர்மறை எண்ணாக மாறிவிடுகிறது. வன்தட்டில் 2 ஜிபிக்குக் குறைவான சிறு பகுதி (பார்டிஷன்) ஒன்றைப் பிரித்து, அதில் நிறுவினால் தீர்ந்தது.

துணைக் கோப்புகள் இல்லை என்ற செய்தி

நிறுவல் முடிந்து, விளையாட்டைத் திறந்ததும் ஏதோ ஒரு டிஎல்எல் கோப்பை (நிரல்கள் நம்பியிருக்கும் துணைக் கோப்பை) காணவில்லை என்று செய்தி வந்தால் மகிழுங்கள். எல்லாத் தடங்கல்களிலும் இதுதான் எளியது. கோப்பின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். அது ‘டி3டிஎக்ஸ்9’ என்று தொடங்கினால் விளையாட்டுகளின் படத்தையும் ஒலியையும் கையாளும் விண்டோஸ் பகுதியான டைரக்ட்எக்ஸ் 9-இன் துணை நூலகங்கள் இல்லை என்று பொருள். விண்டோஸ் 11-இல் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே, 9 எதற்கு என்ற கேள்வி நியாயமானது. டைரக்ட்எக்ஸ் 9-இன் அடிப்படைப் பகுதி இன்றும் விண்டோஸில் இருக்கிறது. விளையாட்டுத் தயாரிப்பாளர்கள் தங்கள் வசதிக்காகப் பயன்படுத்திய துணை நூலகங்கள் மட்டும் எப்போதுமே தனியாகத்தான் நிறுவப்பட்டன.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து, 2010 ஜூன் மாத டைரக்ட்எக்ஸ் தொகுப்பை இறக்குங்கள். அதை இயக்கியதும் எங்கே விரிப்பது என்று ஒரு கோப்புறை கேட்கும். காலியான ஒரு கோப்புறையைக் காட்டுங்கள். விரித்து முடிந்ததும் சாளரம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் மூடிக்கொள்ளும். வேலை முடிந்தது என்று நினைத்துப் பெரும்பாலானோர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அதுவரை எதுவுமே நிறுவப்படவில்லை. அந்தக் கோப்புறைக்குள் சென்று, குவிந்து கிடக்கும் கோப்புகளுக்கு நடுவே ‘டிஎக்ஸ்செட்டப்’ என்பதைத் தேடி இயக்கினால்தான் நிறுவல் நடக்கும்.

கோப்பின் பெயர் ‘எம்எஸ்விசி’ என்று தொடங்கினால், மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி++ துணை நூலகத் தொகுப்புகளில் 2005, 2008, 2010 ஆகியவற்றை நிறுவுங்கள். கணினி 64-பிட்டாக இருந்தாலும் பழைய விளையாட்டுக்குத் தேவை எக்ஸ்86 என்று குறிக்கப்பட்ட 32-பிட் தொகுப்புதான். சில பழைய விளையாட்டுகள் கேட்கும் டைரக்ட்ப்ளே (பலர் சேர்ந்து ஆடுவதற்கான பழைய வலைப் பகுதி), டாட்நெட் 3.5 (நிரல்கள் இயங்கத் தேவையான மைக்ரோசாஃப்ட் அடித்தளம்) ஆகிய இரண்டும் விண்டோஸுக்குள்ளேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஸ்டார்ட் மெனுவின் தேடலில் ‘டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்’ என்பதைத் திறந்து, டாட்நெட்டை நேரடியாகவும், டைரக்ட்ப்ளேயை ‘லெகசி காம்போனென்ட்ஸ்’ என்ற தலைப்பின் கீழும் தேர்ந்தெடுங்கள். ஒற்றை டிஎல்எல் கோப்பை மட்டும் இலவசமாகத் தருவதாகச் சொல்லும் தளங்களின் பக்கம் போகாதீர்கள். அங்கே கிடைப்பது என்ன பதிப்பு, யார் கைபட்டது என்று அறிய வழியில்லை.

‘எக்ஸ்லைவ்’ என்ற கோப்பைக் கேட்கும் விளையாட்டுகள் தனி ரகம். அவை ‘கேம்ஸ் ஃபார் விண்டோஸ் லைவ்’ என்ற மைக்ரோசாஃப்டின் பழைய சேவையை நம்பியவை. ஃபால்அவுட் 3, ஜிடிஏ 4 போன்றவற்றின் ஸ்டீம் பதிப்புகளிலிருந்து அந்தச் சேவையை வெளியீட்டாளர்களே பின்னர் நீக்கிவிட்டார்கள் என்பதால், அங்கே சிடியோடு மல்லுக்கட்டுவதைவிடப் புதிய பதிப்பை வாங்குவது மேல்.

பூட்டு திறக்காதபோது

எல்லாம் நிறுவப்பட்டிருக்கிறது, எந்தக் கோப்பும் குறையவில்லை, ஆனாலும் சொடுக்கினால் சுட்டி ஒரு நொடி சுழன்று அடங்கிவிடுகிறது. அல்லது, ‘அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு உள்நுழைந்து மறுபடி முயலுங்கள்’ என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது. இந்தச் செய்தியை நம்பி மீண்டும் மீண்டும் அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கிப் பார்ப்பவர்கள் அநேகம். செய்தி பொய்; உண்மையில் குறைவது உரிமையல்ல, ஒரு இயக்கி (டிரைவர்).

மேக்ரோவிஷன் நிறுவனத்தின் சேஃப்டிஸ்க் என்ற நகல்தடுப்பு முறை, சிடி அசல்தானா என்று சோதிக்க ‘செக்டிஆர்வி.எஸ்ஒய்எஸ்’ என்ற இயக்கியைப் பயன்படுத்தியது. விண்டோஸின் கருவுக்குள் அமர்ந்து வேலை செய்யும் இந்த இயக்கியை மைக்ரோசாஃப்டே விண்டோஸோடு சேர்த்து வழங்கிவந்தது. 2007-இல் இதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. சாதாரணப் பயனர் கணக்கில் இயங்கும் நிரல்கூட அதன் வழியே கணினி முழுவதையும் கைப்பற்ற முடிந்தது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10 இந்த இயக்கியைக் கைவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், விஸ்டா முதல் 8.1 வரையிலான பதிப்புகளிலும் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்றின் மூலம் அது முடக்கப்பட்டது. எனவே இந்தப் பூட்டுள்ள சிடி, கீறலே இல்லாத அசலாக இருந்தாலும், நீங்கள் காசு கொடுத்து வாங்கியதாகவே இருந்தாலும், இன்றைய விண்டோஸில் அப்படியே ஓடாது. வேறு நகல்தடுப்பு முறைகளான செக்யூரோமின் பழைய பதிப்புகளுக்கும், ஸ்டார்ஃபோர்ஸின் பழைய இயக்கிகளுக்கும் ஏறக்குறைய இதே கதிதான்.

உங்கள் சிடியில் இருப்பது சேஃப்டிஸ்க்தானா என்று அறிய, மறைந்த கோப்புகளைக் காட்டும்படி செய்துவிட்டு சிடியைத் திறந்து பாருங்கள். ‘00000001.டிஎம்பி’ என்ற கோப்போ, மேலே சொன்ன இயக்கிக் கோப்போ இருந்தால் அதுவேதான். அந்த இயக்கியை எங்கிருந்தாவது எடுத்துவந்து, இயக்கிகள் நம்பகமானவையா என்று பார்க்கும் விண்டோஸின் கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு நிறுவச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் இருக்கின்றன. வங்கிக் கணக்கையும் அதே கணினியில் பார்ப்பவர் எவரும் இதைச் செய்யக் கூடாது. ‘மெமரி இன்டக்ரிட்டி’ என்ற பாதுகாப்பை அணைக்கச் சொல்வதற்கும் என் பதில் அதுவே.

முறையான வழிகள் இரண்டு. சில வெளியீட்டாளர்கள், விளையாட்டின் கடைசிப் புதுப்பிப்பில் சிடி சோதனையைத் தாங்களே நீக்கியிருக்கிறார்கள். ஆகவே கடைசி அதிகாரபூர்வப் புதுப்பிப்பைத் தேடி நிறுவுங்கள். அப்படியொன்று இல்லையென்றால், ஜிஓஜி அல்லது ஸ்டீம் கடையில் அதே விளையாட்டு இருக்கிறதா என்று பாருங்கள். 2008-இல் தொடங்கிய ஜிஓஜி, பழைய விளையாட்டுகளைப் பூட்டில்லாமல், இன்றைய விண்டோஸில் ஓடும்படி சரிசெய்தே விற்கிறது. 2024 நவம்பரில் இதற்கென்றே ஒரு பாதுகாப்புத் திட்டத்தையும் அறிவித்தது. தி சிம்ஸ், தி சிம்ஸ் 2 ஆகியவற்றை சிடியில் வைத்திருப்பவர்கள் பலர் பல ஆண்டுகள் திண்டாடினார்கள். அவ்விரண்டையும் இஏ நிறுவனம் 2025 ஜனவரியில் புதுக் கணினிகளுக்கான தொகுப்பாக மறுபடி வெளியிட்டது. ஒருமுறை வாங்கியதை மறுபடி வாங்க வேண்டியிருப்பது எரிச்சல்தான். ஆனால் ‘நோ-சிடி’ என்ற பெயரில் கிடைக்கும் திருத்திய இஎக்ஸ்இ கோப்புகள் வைரஸ் பரப்புவோருக்கு வெகுகாலமாகப் பிடித்தமான வாகனம்.

ஓடுகிறது, ஆனால் சரியாக இல்லை

கம்பாட்டிபிலிட்டி மோடுக்கு உரிய இடம் இதுதான். இஎக்ஸ்இ கோப்பின் மேல் வலது சொடுக்கு, ‘ப்ராபர்ட்டீஸ்’, பிறகு ‘கம்பாட்டிபிலிட்டி’ தாவல். 2001-க்குப் பிந்திய விளையாட்டுக்கு எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3, அதற்கு முந்தியதற்கு விண்டோஸ் 98 என்று தொடங்குங்கள். எல்லாப் பெட்டிகளிலும் ஒரேயடியாக டிக் போட்டால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஒன்றை மாற்றி, இயக்கிப் பார்த்து, பிறகு அடுத்ததை மாற்றுங்கள். திரையின் ஒரு மூலை மட்டும் தெரிந்தால், அதே தாவலில் உள்ள ‘ஹை டிபிஐ’ அமைப்பை மாற்றி, அளவிடும் பொறுப்பை விளையாட்டிடமே விடுங்கள்.

புல்வெளி ஊதாவாகவும் தண்ணீர் சிவப்பாகவும் தெரிவது, 1997-இல் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்ற 256 நிற விளையாட்டுகளின் பழைய நோய். இதற்கும், முப்பரிமாண விளையாட்டுகளில் வரும் கறுப்புத் திரைக்கும் டிஜிவூடூ 2 என்ற கருவி கைகொடுக்கும். பழைய டைரக்ட்எக்ஸ் அழைப்புகளையும், வூடூ என்ற பழைய முப்பரிமாண கிராஃபிக்ஸ் அட்டைகளின் கிளைடு அழைப்புகளையும் இன்றைய கிராஃபிக்ஸ் அட்டைக்குப் புரியும்படி அது மாற்றித் தருகிறது. அதன் தொகுப்பில் ‘எம்எஸ்’ கோப்புறைக்குள் உள்ள ‘எக்ஸ்86’ கோப்புறையின் டிஎல்எல்களை, விளையாட்டின் இஎக்ஸ்இ இருக்கும் கோப்புறையில் போட்டால் போதும். விண்டோஸின் சிஸ்டம் கோப்புறையில் ஒருபோதும் போடாதீர்கள். விளையாட்டு தலைதெறிக்க ஓடினால், கிராஃபிக்ஸ் அட்டையின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் பிரேம் வேகத்தை 60-க்கு மட்டுப்படுத்துங்கள்.

எல்லாப் பழியையும் புதிய விண்டோஸின் மேல் போடுவதும் சரியல்ல. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் ஸ்கிம்மர் என்ற கடல்விமானம், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்ததும் மாயமாகிவிட்டது. ஆராய்ந்து பார்த்தபோது, அந்த விமானத்தின் சக்கர அளவு விளையாட்டின் தரவுக் கோப்பில் எழுதப்படவே இல்லை என்பதும், நினைவகத்தில் முந்தைய வாகனம் விட்டுச்சென்ற எண்ணைத் தற்செயலாகப் படித்தே அது இருபது ஆண்டுகள் பறந்துகொண்டிருந்தது என்பதும் 2025-இல் தெரியவந்தது. இத்தகைய பிழைகளை ஆர்வலர்கள் எழுதும் சைலன்ட்பேட்ச் போன்ற திருத்தங்கள்தான் தீர்க்கும்.

டாஸ் விளையாட்டுகளும் கடைசி வழியும்

விண்டோஸுக்கு முந்திய டாஸ் காலத்து விளையாட்டுகளுக்கு இத்தனை பாடு கிடையாது. டாஸைப் போலி செய்யும் டாஸ்பாக்ஸை நிறுவி, விளையாட்டுக் கோப்புறையை அதில் இணைத்தால் அநேகமாக எல்லாம் ஓடும். சுட்டியால் சொடுக்கி ஆடும் சாகச விளையாட்டு என்றால், அவற்றுக்கென்றே உள்ள ஸ்கம்விஎம் என்ற நிரல் இன்னும் வசதி.

மேற்சொன்ன எதுவும் பலிக்காத விண்டோஸ் 95, 98 விளையாட்டுகளுக்கு 86பாக்ஸ் என்ற கருவி உண்டு. இது அக்காலக் கணினியின் மதர்போர்டு, ஒலி அட்டை, வூடூ அட்டை வரை அனைத்தையும் மென்பொருளாகப் போலி செய்கிறது. அதற்குள் பழைய விண்டோஸை அதன் சொந்த சிடியிலிருந்து நிறுவ வேண்டும். உங்கள் ப்ராசசர் வலுவாக இருந்தாலும் பென்டியம் காலத்து வேகத்தைத்தான் எதிர்பார்க்கலாம். கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை உருவாக்கும் விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பியை நிறுவுவதும் ஒரு வழியே என்றாலும், அதில் முப்பரிமாணம் தடுமாறும் என்பதால் இருபரிமாண விளையாட்டுகளுக்கு மட்டுமே அதைச் சொல்வேன். எப்படியானாலும், உள்ளே இருக்கும் பழைய விண்டோஸுக்கு இணைய இணைப்பைத் தராதீர்கள்.

விளையாட்டு ஒருவழியாக ஓடத் தொடங்கியதும், ‘கேம்ஸ்’ கோப்புறையில் உள்ள அதன் கோப்புறை முழுவதையும், புதுப்பிப்புகளோடும் டிஜிவூடூ கோப்புகளோடும் சேர்த்துச் சுருக்கி, வெளி வன்தட்டில் வைத்துவிடுங்கள். எந்த அமைப்பை எப்படி மாற்றினீர்கள் என்பதையும் அதற்குள்ளேயே ஒரு நோட்பேட் கோப்பில் எழுதி வையுங்கள். விண்டோஸின் அடுத்த பெரிய பதிப்பு வந்து டைரக்ட்ப்ளேயை மறுபடி இயக்க வேண்டிவந்தால், அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாலே போதும்.